தரங்கம்பாடியில தங்கிட்டு சுத்துப்பட்டு கடற்கரை பாக்கலாமா? அம்மா, பையன் கூட நாலு நாள்

தென்னந்தோப்பு_பொள்ளாச்சி:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. பொங்கல் முடிஞ்சு அடுத்த வாரம் நாலு நாள் லீவு போட்டிருக்கேன், அம்மாவையும் ஒம்பது வயசு பையனையும் கூட்டிட்டு காவிரி கடல்ல சேர்ற அந்தப் பக்கம் போலாம்னு இருக்குதுங்க. அம்மாவுக்கு 68 வயசு, முட்டி வலி, தினமும் பொட்டிய தூக்கிட்டு ஊர் ஊரா ரூம் மாத்தறது ஆகாது. அதனால ஒரே ஊர்ல தங்கிட்டு காலைல கெளம்பி ஒரு எடம் பாத்துட்டு சாயங்காலம் திரும்பி வர்ற மாதிரி ப்ளான் வேணும்.

ஏன் தரங்கம்பாடின்னா, அம்மா கல்யாணம் ஆன புதுசுல அப்பா கூட மாயவரத்துலேர்ந்து கரி ரயில்ல தரங்கம்பாடி போயிருக்காங்க. ரயிலு போயி நின்னா எறங்குன ஒடனே உப்புக் காத்து வாடை அடிக்கும்னு இன்னமும் சொல்லுவாங்க. அப்பா போயி ரெண்டு வருசம் ஆகுது, இந்த வருசம் தான் "அந்த ஊர ஒருக்கா பாக்கணும்"னு அவங்களே வாயத் தொறந்து கேட்டாங்க. கூடவே வேளாங்கண்ணியும் நாகூரும் போகணுமாம். பையனுக்கு கடல்ல சூரியன் வர்றத பாக்கணும், நாங்க மலை பாத்து வளந்தவங்க, அவன் கடலையே ரெண்டு தடவ தான் பாத்திருக்கான்.

ஆபீஸ்ல கேட்டா ஒருத்தர் பாண்டிச்சேரி போங்கறாரு, ஒருத்தர் காரைக்கால்ங்கறாரு, தரங்கம்பாடில ஒண்ணுமே இல்ல ஒரு மணி நேரத்துல பாத்து முடிச்சிரலாம்னு இன்னொருத்தர். அந்தப் பக்கத்துக்காரங்க யாராச்சும் சொல்லுங்க. பூம்புகார், பிச்சாவரம், கோடியக்கரை எல்லாம் நாலு நாள்ல அடங்குமா? கார் இல்லைங்க, பஸ்ஸு தான், வேணும்னா ஒரு நாள் வாடகைக்கு வண்டி எடுத்துக்கலாம்.

---

பொறையார்_டீக்கடை:

அக்கா வாங்க வாங்க, நம்ம ஊர கேட்டிருக்கீங்க, சொல்லாம இருக்க முடியுமா.

மொதல்ல அம்மாகிட்ட பக்குவமா சொல்லிருங்க, அந்த ரயிலு இப்ப இல்ல. மாயவரம் தரங்கம்பாடி லைன 80கள்லயே நிறுத்திட்டாங்க, எனக்கே எங்கப்பா சொல்லித்தான் தெரியும். ஆனா அதே ரோடு தான், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர்னு பஸ்ஸு வரும், ஒரு மணி நேரத்துக்கு மேல பெருசா ஆவாது. கோயம்புத்தூர்லேர்ந்து மாயவரத்துக்கு ஜன சதாப்தி இருக்கு, காலைல ஏறுனா மத்தியானம் வந்துரும், பொட்டியோட அம்மாவ கூட்டிட்டு வர அதான் வசதி. செவ்வாக்கிழம ஓடாது, டிக்கெட் போடுறப்ப ஒரு தடவ பாத்துக்கங்க.

ஒரு மணி நேரத்துல பாத்துரலாம்னு சொன்னவரு வெயில்ல வந்து கோட்டை முன்னாடி போட்டோ எடுத்துட்டு போயிருப்பாரு. இந்த ஊர காலைல ஆறு மணிக்கும் சாயங்காலம் அஞ்சு மணிக்கும் பாக்கணும். கோட்டை வாசல் வளைவுலேர்ந்து கடல் வரைக்கும் ராஜா வீதி ஒரே நேரா போவும், அம்மாவே மெதுவா நடந்துருவாங்க. போற வழியிலயே சீயோன் கோயிலு, அதுக்கு எதிர்த்தாப்புல புது எருசலேம் கோயிலு, அது 1718ல கட்டுனது, ஜெர்மனிலேர்ந்து வந்த பாதிரியார் சீகன்பால்கு அய்யர அங்கதான் அடக்கம் பண்ணிருக்காங்க. 1706ல இங்க வந்து எறங்கி, தமிழ் கத்துகிட்டு, அச்சுக்கூடம் போட்டு, 1715ல புதிய ஏற்பாட்ட தமிழ்ல அச்சடிச்சு முடிச்சவரு. அச்சடிக்க காயிதம் பத்தலன்னு எங்க பொறையார்ல காயிதப் பட்டறையே போட்டாங்க, இன்னைக்கும் அந்த எடத்துக்கு கடுதாசிப்பட்டறைன்னு தான் பேரு. பையன் பாடப்புத்தகத்த ஒரு தடவ தொட்டுப் பாக்க சொல்லுங்க அக்கா, தமிழ் எழுத்து காயிதத்துல அச்சாகி கட்டு கட்டா வெளிய வந்த ஊரு இது.

கோட்டை 1620ல டென்மார்க்காரங்க கட்டுனது, தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர்ட்ட எடம் வாங்கி. நாயக்கர் டென்மார்க் ராஜாவுக்கு தங்கத் தகட்டுல தமிழ்ல எழுதி அனுப்புன கடுதாசி இன்னமும் கோபன்ஹேகன்ல பத்திரமா இருக்கு. 1845ல பிரிட்டிஷ்காரன்ட்ட வித்துட்டு போயிட்டாங்க. உள்ள மியூசியம் இருக்கு, வெள்ளிக்கிழம லீவு, அத மனசுல வச்சு நாளு போடுங்க. மாடிப்படி கொஞ்சம் செங்குத்து, அம்மா கீழயே உக்காந்துக்கட்டும், காத்து நல்லா வரும்.

கோட்டைக்கு வடக்க மாசிலாமணிநாதர் கோயிலு. குலசேகர பாண்டியன் காலத்துது, எழுநூறு வருசத்துக்கு மேல ஆச்சு. அலை அரிச்சு அரிச்சு முன்பக்கமெல்லாம் கடலுக்குள்ள போயிருச்சு. எங்க தாத்தா சின்ன வயசுல கோயிலுக்கு முன்னாடி கபடி ஆடுவோம்பாரு, அவரு சொல்ற எடத்துல இப்ப தண்ணி நிக்கிது. கருங்கல்லு கொட்டி தடுத்து வச்சிருக்காங்க.

அந்தக் கல்லு விசயம் தான் முக்கியமா சொல்ல வந்தது. பையன் அதுமேல ஏறி வெளயாட விட்டுராதீங்க, பாசி வழுக்கும், நடுவுல பொந்து. குளிக்கவும் வேணாம். நம்ம பக்கத்து கடல சாதுன்னு நெனச்சுருவாங்க வெளியூருக்காரங்க, முட்டி அளவு தண்ணில நிக்கிற மாதிரி இருக்கும், அடுத்த அடி வச்சா சட்டுன்னு எறங்கிரும், போற அலை காலுக்கடி மண்ண வாரிட்டு போவும். 2004 டிசம்பர் 26க்கு அப்பறம் எங்க தெருவுல கடலப் பாத்து சிரிச்சு பேசறதுக்கே ரொம்ப நாளாச்சு. கால நனைக்கலாம், அவ்வளோதான், கைய புடிச்சுக்கிட்டு.

---

காரைக்கால்_மாங்கனி:

பொறையார் சகோ சொன்னது எல்லாம் சரி, ஊரு அழகு தான், அதுல சண்ட இல்ல. ஆனா வயசானவங்க கூட வராங்க, அதையும் பாக்கணும்ல. தரங்கம்பாடில தங்குற எடமே விரல் விட்டு எண்ணிரலாம், கடல பாத்த மாதிரி இருக்கறது வாடகை அதிகம், கம்மி வாடகைல இருக்கறது சீக்கிரம் ஃபுல் ஆயிரும். பக்கத்துல திருக்கடையூர் எட்டு கி.மீ. தான், அங்க அறுபதாம் கல்யாணம் எம்பதாம் கல்யாணத்துக்கு குடும்பம் குடும்பமா வருவாங்க, தை மாசம் முகூர்த்தம் வேற, அங்க எடம் கெடைக்காதவங்க எல்லாம் தரங்கம்பாடி காரைக்கால்னு தேடுவாங்க. ராத்திரி எட்டு மணிக்கு மேல சாப்பாட்டுக்கும் அலையணும், மருந்துக்கடை ஆஸ்பத்திரின்னா பொறையார் போவணும்.

நான் சொல்றது காரைக்கால்ல தங்குங்க. தரங்கம்பாடி வெறும் பதினஞ்சு கி.மீ., பஸ்ஸு வந்துக்கிட்டே இருக்கும். பீச்சுக்கு போற ரோடு அரசலாறு ஓரமாவே சமமா போவும், அம்மாவுக்கு நடக்க சொகமா இருக்கும், உக்கார எடம் இருக்கு. ஆறு கடல்ல கலக்கற எடத்துல மீன்பிடி போட்டெல்லாம் வரிசையா போறத பாக்கலாம். காரைக்கால் அம்மையார் கோயிலு ஊருக்கு நடுவுலயே. நாகூரு தெக்கால பதினஞ்சு கி.மீ.க்குள்ள தான், அங்கேர்ந்து நாகப்பட்டினம், வேளாங்கண்ணின்னு ஒரே ரோட்டுல போயிட்டே இருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை, சனிக்கிழமைய ஒட்டி ரூம் போடாதீங்க. திருநள்ளாறு கூட்டம் மொத்தமும் காரைக்கால்ல தான் எறங்கும். ஒரு தடவ என் சித்தப்பா குடும்பத்துக்கு போன்ல பேசி அட்வான்ஸ் கூட அனுப்பி வச்சிருந்தோம், வந்து நின்னா வேற ஆளுக்கு குடுத்துட்டாங்க, ராத்திரி பதினோரு மணிக்கு கைக்கொழந்தையோட ரோட்டுல நின்னாங்க. அதனால கெளம்பறதுக்கு முந்துன நாளும், பஸ்ஸு ஏறுன அன்னிக்கும் போன் போட்டு கேட்டுக்கங்க. அப்பறம் வார கடைசில சாயங்காலம் எங்க ஊருக்கு எதுக்கு கூட்டம் வருதுன்னு ஒங்களுக்கே தெரியும், பாண்டிச்சேரி மாநிலம்ல, அந்த நேரத்துல பஸ்ஸ்டாண்டு பக்கம் லாட்ஜ் வேணாம், கொஞ்சம் தள்ளி குடும்பம் தங்குற எடமா பாருங்க.

---

முகத்துவாரம்:

நான் வருசா வருசம் பறவை பாக்க இந்தக் கரையில மேலயும் கீழயும் போறவன், சொந்த ஊரு திருத்துறைப்பூண்டி பக்கம். எங்க தங்கறதுங்கறத அவங்க ரெண்டு பேரும் பேசிக்கட்டும், நான் தூரத்த பத்தி சொல்றேன், ஏன்னா ஒங்க ப்ளான் ஒடையப்போறது அங்கதான்.

தரங்கம்பாடிய நடுவுல வச்சா வடக்க பூம்புகார் இருவது கி.மீ. சொச்சம், பிச்சாவரம் அறுவதுக்கு மேல, சீர்காழி சிதம்பரம் தாண்டிப் போவணும். தெக்க நாகூர் முப்பதுக்குள்ள, வேளாங்கண்ணி நாப்பத்தஞ்சு. இதெல்லாம் போயிட்டு வந்துரலாம். ஆனா கோடியக்கரை நூறு கி.மீ. கிட்ட. மேப்புல பாத்தா கரையோரமா ஒரு கோடு மாதிரி தெரியும், பஸ்ஸுல நாகப்பட்டினம் மாறி வேதாரண்யம் மாறி போயி சேர்றதுக்குள்ள பாதி நாள் போயிரும். போயி சேர்ற நேரம் உச்சி வெயிலு, மானு எல்லாம் நிழலுக்குள்ள ஒதுங்கிரும், பறவை தூரத்துல புள்ளி புள்ளியா தெரியும். அப்பறம் "ஒண்ணுமே இல்லப்பா"ன்னு எழுதுவாங்க, எனக்கு படிக்கவே கஷ்டமா இருக்கும்.

கோடியக்கரைய பாக்கணும்னா முந்துன நாள் ராத்திரியே வேதாரண்யத்துல தங்கி விடிகாலைல போவணும். வெளிமானுக்காகவே 1967ல சரணாலயம் ஆன எடம். கருப்பு முதுகு, வெள்ள வயிறு, முறுக்குன கொம்போட ஆண் மானு ஒண்ணு பனி மூட்டத்துல புல்லுக்கு நடுவுல தலைய தூக்கி நிக்கிறத பையன் பாத்தான்னா ஆயுசுக்கும் மறக்க மாட்டான். ஆளில்லாம திரியிற குதிரைக் கூட்டமும் உண்டு. தை மாசம் பூநாரை உப்பளம் பக்கம் சதுப்புல எறங்கி நிக்கும், பறக்கறப்ப தான் றெக்கையோட உள்பக்கத்து செவப்பு தெரியும். வேதாரண்யம் உப்பளத்தையும் காட்டுங்க, 1930ல ராஜாஜி திருச்சியிலேர்ந்து நடந்து வந்து உப்பு அள்ளுன எடம். நாலு நாள்ல இத சேக்காதீங்க, தனியா ஒரு தடவ வாங்க.

பிச்சாவரம் போனா துடுப்பு போட்டு போற படகா கேளுங்க, மோட்டார் படகு பெரிய வாய்க்கால்ல மட்டும் தான் சுத்தும். சின்ன வாய்க்கால்ல சுரபுன்னை வேரு ரெண்டு பக்கமும் வளைஞ்சு எறங்கி தலைக்கு மேல கூடாரம் மாதிரி ஆயிரும், படகுக்காரர் துடுப்ப நிறுத்துனா தண்ணி சொட்டற சத்தம் மட்டும் கேக்கும். காலைல ஒம்பது மணிக்கெல்லாம் அங்க இருக்கற மாதிரி போங்க. அம்மாவுக்கு படகுல ஏறி எறங்கறது சிரமம்னா விட்டுருங்க, அதுக்காக வருத்தப்பட வேணாம்.

மழை பத்தி கேக்கல, இருந்தாலும் படிக்கிற மத்தவங்களுக்கு: ஐப்பசி கார்த்திகைல இந்தப் பக்கம் வராதீங்க, புயல் காலம். தை மாசி தான் சரி. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், பெரிய போட்டு எதுவும் போவாது, துறைமுகம் வெறிச்சுன்னு இருக்கும், மீன் சாப்பிடணும்னு வர்றவங்க அத பாத்துக்கங்க.

---

தென்னந்தோப்பு_பொள்ளாச்சி:

ரொம்ப ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும், இவ்வளவு பொறுமையா எழுதுவீங்கன்னு எதிர்பாக்கலைங்க. கோடியக்கரைய எடுத்தாச்சு. பிச்சாவரம் யோசிக்கறேன். காரைக்கால் அண்ணா சொன்னது நாயம் தான், ஆனா அம்மா "அந்த ஊர்லயே படுத்து எந்திரிக்கணும்"ங்கறாங்க, அதனால தரங்கம்பாடியிலயே மூணு ராத்திரிக்கு ரூம் கேட்டிருக்கேன், திங்கள் போயி வியாழன் திரும்பறோம். பூம்புகார்ல என்ன பாக்கறதுங்க? பஸ்ஸு நேரா இருக்குங்களா?

---

சீர்காழி_சைக்கிள்:

பூம்புகாருக்கு நான் சொல்றேங்க. நேர் பஸ்ஸ நம்பி நிக்காதீங்க, செம்பனார்கோயில்ல எறங்கிட்டா மயிலாடுதுறைலேர்ந்து வர்ற பூம்புகார் பஸ்ஸு கெடைக்கும். ஆட்டோ பேசிக்கிட்டாலும் நல்லது தான், அம்மா இருக்காங்க.

போறதுக்கு முன்னாடி பையன்ட்ட ஒண்ணு சொல்லி கூட்டிட்டு போங்க. நீங்க கொங்குல பாக்கற காவிரி வேற, இங்க பாக்கறது வேற. அங்க கர புரண்டு ஓடற ஆறு, டெல்டா முழுக்க வாய்க்காலா பிரிஞ்சு பிரிஞ்சு வயலுக்கெல்லாம் குடுத்துட்டு, கடைசில இங்க வந்து சேர்றப்ப சின்ன ஓடை மாதிரி தான் இருக்கும். மொத தடவ பாக்கறவங்க ஏமாந்து போவாங்க. எனக்கு அந்த எடத்துல நின்னா தான் நெஞ்சு நெறயும், இருந்ததெல்லாம் குடுத்துட்டு வந்திருக்கான்னு தோணும். தை அமாவாசை, ஆடிப்பெருக்கு அன்னிக்கு முங்க வர்ற ஜனம் தாங்காது, அந்த நாள தவிர்த்துருங்க.

ஏழு நிலை மாடத்தோட சிலப்பதிகாரக் கலைக்கூடம் இருக்கு, 1973ல தொறந்தது, கண்ணகி கதை முழுக்க செவுத்துல கல்லுல செதுக்கி வச்சிருப்பாங்க. பையனுக்கு கதைய முன்னாடியே ஒரு தடவ சொல்லி வச்சிட்டீங்கன்னா ஒவ்வொரு கல்லா அவனே கண்டுபிடிப்பான், என் தங்கச்சி மகன் அப்படித்தான் சிலம்ப ஒடைக்கிற கல்லுக்கு முன்னாடி நின்னு நகரவே மாட்டேன்னுட்டான். பக்கத்துல பல்லவனீச்சுரம், அங்க புத்த விகாரையோட அடித்தளம் தோண்டி எடுத்து வச்சிருக்காங்க, செங்கல்லு வரிசை மட்டும் தான், ஆனா நின்னு பாருங்க. பழைய பட்டினத்துல பெரும்பங்கு இப்ப தண்ணிக்கடியில.

இன்னொண்ணு, தரங்கம்பாடியிலேர்ந்து கொஞ்ச தூரத்துலயே தில்லையாடி. வள்ளியம்மை குடும்பத்து ஊரு. அந்தப் பொண்ணு தென்னாப்பிரிக்கால பொறந்து, காந்தி கூட போராடி ஜெயிலுக்கு போயி, வெளிய வந்த கொஞ்ச நாள்ல 1914ல எறந்துச்சு, பதினாறு வயசு. அடுத்த வருசம் காந்தியே இந்த ஊருக்கு வந்துட்டு போனாரு. நினைவு மண்டபம் இருக்கு. அரை மணி நேரம் தான் ஆவும், போயிட்டு வாங்க.

நாகூருக்கு போனா சாயங்காலமா போங்க, தர்கா மினாரா அஞ்சுல ஒசரமானத தஞ்சாவூர் மராட்டிய ராஜா பிரதாப்சிங் கட்டிக் குடுத்தாரு. வெளிய கடைல வாடா போடுவாங்க, வடை மாதிரி இருக்கும், மேல முழு எறா ஒண்ணு ஒட்டி எண்ணெயில விடுவாங்க, சூடா வாங்கி நின்னுட்டே தின்னுரணும்.

---

தென்னந்தோப்பு_பொள்ளாச்சி:

போயிட்டு வந்துட்டோம்ங்க, இந்த திரிய மறுபடி தேடறவங்களுக்கு உதவட்டும்னு எழுதறேன்.

மொத நாள் மத்தியானம் மாயவரம் எறங்கி பஸ்ஸு ஏறுனோம். அம்மா ஜன்னல் சீட்டு. ஆக்கூர் தாண்டுனதும் ஒரு வார்த்தை பேசலை. கோட்டை வாசல்கிட்ட எறங்குன ஒடனே மூக்க உறிஞ்சி "அதே வாடை"ன்னாங்க, எனக்கு கண்ணு கலங்கிருச்சுங்க. ரூம்ல ஒரு சிக்கலும் இல்ல, மாங்கனி அண்ணா சொன்ன மாதிரி மூணு தடவ போன் பண்ணிட்டேன். ராத்திரி சாப்பாடு மட்டும் ஏழரைக்கே போயி சாப்பிட்டுக்கணும், அது நெசம்.

ரெண்டாம் நாள் காலைல ஆறேகாலுக்கு கடலுக்கு போனோம், குளிர் காத்து, அங்க வாடைக்காத்துங்கறாங்க. சூரியன் கடல்லேர்ந்து வரலைங்க, அடில ஒரு பட்டை மேகம், அதுக்கு மேல தான் வந்துச்சு. பையன் மொகம் வாடிப்போச்சு. அந்நேரம் பாத்து ஃபைபர் போட்டு ஒண்ணு கரைக்கு வந்துச்சு, நாலு பேரு வலைய மணல்ல இழுத்துப் போட்டு மீன எடுக்க ஒக்காந்தாங்க. வலைக்கண்ணுல செவுள் மாட்டிருக்கும், அத பின்னாடி தள்ளாம முன்னாடியே உருவி எடுக்கணுமாம், ஒரு பெரியவர் பையன் கைய புடிச்சு சொல்லிக் குடுத்தாரு. சங்கரா மீன் ஒண்ண அவனே எடுத்தான். கையெல்லாம் செதிலு. அடுத்த நாள் "சூரியன் வேணாம், போட்டு எப்ப வரும்"னு கேட்டு எழுப்புறான்.

பூம்புகார்ல காவிரி சேர்ற எடத்துல அம்மா ரொம்ப நேரம் நின்னாங்க. கலைக்கூடத்துக்கு முந்துன நாள் ராத்திரியே பையனுக்கு கதை சொல்லி வச்சோம், நல்ல யோசனைங்க அது. மூணாம் நாள் வண்டி எடுத்து வேளாங்கண்ணியும் நாகூரும் முடிச்சோம், பஸ்ஸுல போயிருந்தா அம்மாவால முடிஞ்சிருக்காது. வாடா ரெண்டாவது தடவையும் வாங்குனோம். பிச்சாவரம் போகலை. கடைசி நாள் அதுக்கு பதிலா ராஜா வீதியிலயே சும்மா ஒக்காந்திருந்தோம், வாசல் பக்கம் டீக்கடைல ஒரு தாத்தா அம்மாகிட்ட பேச்சுக் குடுத்து, ரயிலு எந்தப் பக்கம் வந்து நிக்கும், கார்டு யாரு, எஞ்சினுக்கு எங்க தண்ணி புடிப்பாங்கன்னு சொல்ல ஆரம்பிச்சாரு. ரெண்டு பேரும் கை காட்டி காட்டி ஒரு மணி நேரம் பேசுனாங்க. பஸ்ஸு ரெண்ட விட்டுட்டோம், மூணாவதுல தான் ஏறுனோம்.

---

பொறையார்_டீக்கடை:

அக்கா அந்த தாத்தா யாருன்னு எனக்கு தெரியும். இன்னைக்கே போயி நீங்க எழுதுனத படிச்சு காட்டறேன்.